ஒத்துக்கொள்ளும் வேலை

பஞ்சுவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன சேதி வந்தபோது, அவன் பெண்டாட்டி கட்டட வேலையில், மூன்றாவது மாடியில், தலையில் ஜல்லிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவன் மாடி ஏறச் சோம்பல்பட்டுக் கீழே நின்றே கத்தினான்.

"அக்கா! உன் வீட்டுக்காரரு ஜெனரேட்டரைத் திருடிட்டாராம்!"

"எந்த ஜெனரேட்டரை?"

"குடோன் ஜெனரேட்டரை. தனியாத் தூக்கிட்டுப் போயிட்டாராம். அவரே ஒத்துக்கிட்டாரு!"

கூட நின்ற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். வீட்டில் தண்ணீர் டிரம்மை ஒரு முழம் நகர்த்தச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனிதன் அவன். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்தது. ஒத்துக்கிட்டாரு. சட்டியைக் கீழே இறக்கினாள்.

"போச்சு," என்றாள். "வேலையைக் காட்டிட்டான் மனுசன்."

வேலை என்று அவள் சொன்னது திருட்டை அல்ல. ஒத்துக்கொள்வதுதான் குடோனில் பஞ்சுவின் வேலை.

அந்தக் குடோனில் சுமை தூக்குகிறவர்கள் ஏழு பேர். மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஏழு பேருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். அந்த மனிதருக்கு ஒரு வியாதி. ஏதாவது உடைந்தால் லாரியை நிறுத்திவிடுவார். ஏழு பேரையும் வரிசையில் நிறுத்தி, "யாருடா?" என்பார். ஒருத்தன் ஒத்துக்கொள்கிறவரைக்கும் ஒரு மூட்டை நகராது. மூட்டை நகரவில்லை என்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. ஒருமுறை கண்ணாடிப் பெட்டி ஒன்று உடைந்தபோது காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை ஏழு பேரும் வெயிலில் நின்றார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மேஸ்திரி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் யார் உடைத்தாலும் சரி, ஒத்துக்கொள்கிறவன் ஒருத்தன்தான்.

அந்த ஒருத்தன் யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. திட்டினால் எதிர்த்துப் பேசமாட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டான், திட்டி முடித்த அரைமணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவான். அதனால்தான் பஞ்சு என்று பேர். பதிலுக்கு, ஏணி வைத்து ஏற்றுகிற உச்சி அடுக்கிலிருந்து அவனுக்கு விடுதலை கொடுத்தார்கள். டீ வந்தால் முதல் டம்ளர் அவனுக்கு. அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் அவன் ஒத்துக்கொண்ட முதல் உடைப்பு.

பதினாறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அதில் ஒரு கைத்திறனும் வந்துவிட்டது. வெறுமனே "நான்தான்" என்றால் சூப்பர்வைசர் நம்பமாட்டார், இன்னும் இரண்டு கேள்வி கேட்பார். அதனால் பஞ்சு விவரம் சேர்த்துச் சொல்லப் பழகினான். "செருப்பு வாரு அறுந்திருந்துச்சுங்க ஐயா, இடது கால், பெட்டியைச் சாய்க்கும்போது பெருவிரல் மடங்கிருச்சு." கேட்கிறவனுக்குத் தன் பெருவிரலே வலிக்கும். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் திண்ணமாக ஒரு குரல் கேட்கும், "நான்தான்." அவன் அப்போது வாசலில் முகம் மழித்துக்கொண்டிருப்பான்.

ஜெயிலில் அவனைக் கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடிந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"அடிச்சாங்களாய்யா?"

"ரெண்டு அறை. அதுக்கப்புறம் அடிக்கல. மூணு நாள் நிக்க வச்சாங்க. நிக்கிறது நமக்குப் பழக்கம்தானே. தூங்கத்தான் விடல, அது கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

"நீ எதுக்குய்யா எடுத்தேன்னு சொன்ன?"

"எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாரு. ‘யாருடா’ன்னு கேட்டாரு." இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"கேட்டது இன்ஸ்பெக்டர்யா!"

"தொப்பியை அப்புறம்தான் கவனிச்சேன்."

அவளுக்கு வலையைப் பிய்த்து உள்ளே போய் அவன் தலையில் நான்கு போட வேண்டும்போல இருந்தது. அழவும் வேண்டும்போல இருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி மணி அடித்துவிட்டான்.

அரசாங்கமே பஞ்சுவுக்காக ஒரு வக்கீலைப் போட்டிருந்தது. வயசு இருபத்தைந்து இருக்கும். எல்லாரும் சின்ன வக்கீலம்மா என்றார்கள். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும். வக்கீலம்மா பதினோரு பக்க வாக்குமூலத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"ஜெனரேட்டர் மட்டும் இல்லக்கா. மொத்தம் எட்டுத் திருட்டு. இன்ஸ்பெக்டர் பீரோவுல கிடந்த பழைய கேஸெல்லாம் இவர் தலையில கட்டிட்டாங்க. ஒரு டாக்டரோட காரைத் திருடி நாப்பது மைல் ஓட்டிட்டுப் போனாராம்."

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா."

"மழை பெஞ்சுதாம், கண்ணாடி துடைக்கிற குச்சி வேலை செய்யலையாம், தலையை வெளியே நீட்டிக்கிட்டே ஓட்டினாராம். அரசு வக்கீல் கேக்கறாரு, செய்யாதவன் இவ்வளவு விவரம் சொல்லுவானான்னு. சுவர் ஏறும்போது சட்டை தோள்ல கிழிஞ்சுதுன்னு சொல்லியிருக்காரு. உங்க வீட்டைச் சோதனை போட்டு, தோள் கிழிஞ்ச சட்டையையும் எடுத்துட்டாங்க."

"மூட்டை தூக்கறவன் வீட்டுல தோள் கிழியாத சட்டை ஒண்ணு எடுத்துக் காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

வக்கீலம்மா பேனாவை உருட்டினாள். "ஒரு வழி இருக்குக்கா. கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்ற ஆளு. மனசு சரியில்லாதவர்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா இந்தப் பதினோரு பக்கமும் செல்லாது. கேஸே நடத்த முடியாது."

"விட்டுருவாங்களா?"

"மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. குணமானதும் விடுவாங்க."

"இல்லாத வியாதி எப்பம்மா குணமாகும்?"

கீழே இயந்திரம் ஓடியது, மேசை நடுங்கியது.

"ஜெயிலுன்னா வெளிய வர ஒரு தேதி இருக்கு. அங்க தேதி இருக்கா?"

"இல்லக்கா."

"சுமைதூக்கற பேட்ஜு?"

"மனசு சரியில்லைன்னு எழுதிட்டா ரத்து பண்ணிடுவாங்க."

"அப்ப அந்த வழி வேண்டாம். எனக்கு என் புருசன் வேணும். புத்தியோட வேணும், பேட்ஜோட வேணும். இருக்கற புத்தி கொஞ்சந்தான், அதையும் கோர்ட்டுல பிடுங்கிட்டு விட்டா நான் அந்தாளை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அவள் வேண்டாம் என்றாலும் கோர்ட் வேண்டும் என்றது. டாக்டர் ஜெயிலுக்கு வந்து பஞ்சுவைப் பரிசோதித்தார். நடந்ததை வக்கீலம்மாதான் பிற்பாடு அவளுக்குச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னாராம் டாக்டர். அடுக்கு அடுக்காக மூட்டை எண்ணியே பழகினவன் மூச்சு விடாமல் இரண்டு வரைக்கும் வந்து நின்றானாம். டாக்டருக்குத் திருப்தி.

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"கேக்குதுங்க ஐயா."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரோட குரல்?"

"என் வீட்டுக்காரி குரலுங்க."

"என்ன சொல்லுது?"

"திட்டுதுங்க."

"இப்பவும் கேக்குதா?"

"நல்லாவே கேக்குதுங்க ஐயா."

டாக்டர் அதையெல்லாம் எழுதிக்கொண்டு வெளியே வந்தார். ஜெயில் வாசலில் ஒரு பெண்பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தன்னை உள்ளே விடாத காவலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். சுவரே அதிர்ந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு எழுதினதில் அரைப் பக்கத்தை அடித்தார். கடைசியில் அவர் கொடுத்த அறிக்கை யாருக்கும் உதவவில்லை. ஆள் தெளிவாக இருக்கிறான், ஆனால் தெளிவான ஆள் இப்படி ஒத்துக்கொள்ளமாட்டான், ஆகையால் கோர்ட்டே முடிவு செய்துகொள்ளட்டும் என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு அவள் ஜெயிலிலிருந்து நேராகக் குடோனுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பஞ்சு இல்லாத ஆறு பேரும் சாக்கு அடுக்கின் நிழலில் சாய்ந்திருந்தார்கள்.

"அண்ணே, நீ வந்து கோர்ட்டுல சொல்லணும். உடைச்சவன் ஒருத்தன், ஒத்துக்கறவன் ஒருத்தன்னு இங்க ஒரு ஏற்பாடு இருந்ததைச் சொல்லணும்."

மேஸ்திரி சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வியர்வை இல்லை. "சொல்லலாம்மா. சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? பதினாறு வருசமா உடைஞ்சது பூராவும் எங்க தலையில விழும். சூப்பர்வைசர் எங்களை உயிரோட விடுவானா?"

"இத்தனை நாளா அவர் தலையிலதானே விழுந்துச்சு? அவர் செத்தா போயிட்டாரு?"

"அவன் பஞ்சும்மா. அவனுக்கு உறைக்காது. நாங்க ரோசக்காரனுங்க."

"ஓகோ! ரோசக்காரரு! கண்ணாடிப் பெட்டியைப் போட்டு உடைச்சிட்டு நாலு மணி நேரம் வெயில்ல வாயை மூடிட்டு நின்னது எந்த ரோசம்ண்ணே? உன் பொண்டாட்டி எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா."

மற்ற ஐந்து பேரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியை உடைத்தது யார் என்று அன்றுவரைக்கும் அவர்களுக்கே தெரியாது.

"அது நீயா மேஸ்திரி?" என்றான் ஒருத்தன். "எனக்கு அன்னிக்குக் கொப்புளம் வந்து ஒரு வாரம் குப்புறப் படுத்தேன்யா!"

"நீ பேசாத, எண்ணெய் டின்னு எட்டைச் சாய்ச்சவனே."

"பீங்கான் தொட்டியை விட்டுட்டியே, அது யாராம்?"

அவர்களை அடித்துக்கொள்ள விட்டுவிட்டு அவள் எழுந்தாள். "நாளன்னிக்குப் பத்து மணிக்குக் கேஸ். வரலைன்னா பதினொரு மணிக்கு நான் இந்தக் கேட்டுல வந்து உட்காருவேன். என் தொண்டையைப் பத்தி உனக்குத் தெரியும்ண்ணே."

மேஸ்திரிக்குத் தெரியும். அந்தத் தொண்டையோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் வளர்ந்தவர்.

கோர்ட் அறை சின்னது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. நீதிபதி வயசானவர். ஒரு கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, எதற்கும் ஆச்சரியப்படமாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் பஞ்சு சாதுவாக நின்றான். புகார் கொடுத்தவர் என்ற முறையில் சூப்பர்வைசர் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து சுமைதூக்கிகளும், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, யாரோ கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மேஸ்திரி சாட்சிக்கூண்டில் ஏறினார். அந்த ஏற்பாட்டைப் பற்றி வக்கீலம்மா கேட்கக் கேட்க, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி பதில் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்ததும் அரசு வக்கீல் எழுந்தார்.

"அருமையான கதை. மச்சானைக் காப்பாத்தறதுக்கு நீங்களே ஜோடிச்சது. சரி, அந்தக் கண்ணாடிப் பெட்டியை உடைச்சது இவர் இல்லைன்னா வேற யாரு?"

மேஸ்திரி இருமினார். கூரையைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் திறக்கப்போகிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது.

"நா... நான்தாங்க."

"அடப்பாவி!" சூப்பர்வைசர் துள்ளி எழுந்தார். "அது நீயா? அதுக்காக அவனை ஒரு வாரம் திட்டினேனேடா!"

"உட்காருங்க," என்றார் நீதிபதி.

"பீங்கான் தொட்டி?" சூப்பர்வைசருக்குக் கோர்ட் மறந்துபோயிற்று. பின்வரிசையைப் பார்த்துக் கத்தினார். "எண்ணெய் டின்னு?"

பதினாறு வருஷப் பழக்கம். பின்வரிசையில் ஐந்து பேரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். ஆனால் அன்றைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியவன் கூண்டுக்குள் இருந்தான். ஒருத்தன் மெல்லக் கையைத் தூக்கினான். "டின்னு நானுங்க." இன்னொருத்தன், "தொட்டி நானுங்க, ஆனா பாதிதான் நான்," என்றான். நீதிபதி கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மேசையைத் தட்டினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள், சூப்பர்வைசர் உள்பட.

அரசு வக்கீல் அசரவில்லை. மேஸ்திரியிடம் குழைவாகக் கேட்டார். "நீங்க அனுபவஸ்தர். சொல்லுங்க, முந்நூத்தி நாப்பது கிலோ ஜெனரேட்டரை ஒருத்தன் தூக்க முடியுமா?"

தொழில் விஷயம் வந்ததும் மேஸ்திரிக்குத் தைரியம் வந்துவிட்டது. "முடியவே முடியாதுங்க. ரெண்டு கட்டை குறுக்க விட்டு, கயிறு கட்டி, ஆறு பேர் தோள் குடுக்கணும். ஒருத்தன் முன்னால நடந்து வழி சொல்லணும்."

"மொத்தம் ஏழு பேர்."

"ஆமாங்க."

"உங்க ஆளுங்க எத்தனை பேர்?"

மேஸ்திரி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் நெற்றியில் இந்தத் தடவை நிஜமாகவே வியர்வை வந்தது.

"ஏழு," என்றார் அரசு வக்கீல் அவருக்காக. "அப்போ ஏழு பேரும் சேர்ந்துதான்..."

"இல்லைங்க ஐயா!" கூண்டிலிருந்து பஞ்சு கத்தினான். "அவங்களுக்குச் சம்பந்தமே இல்லைங்க! நான்தான், நான் மட்டும்தான்! பலகையில வச்சு உருட்டினேன், பலகைக்கு அடியில நாலு இரும்புக் குழாய் போட்டேன், ஒரு குழா துரு பிடிச்சிருந்துச்சு..."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்டாட்டி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்து உண்மையைப் பேச வைத்து என்ன பிரயோஜனம், இவன் ஒரே மூச்சில் அத்தனையையும் ஊற்றிக் கவிழ்த்துவிட்டான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சுவை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். வாக்குமூலத்தை மூடி ஓரமாகத் தள்ளினார்.

"போன வாரம் இந்தக் கட்டடத்து மாடியில ஒரு கண்ணாடிக் கதவை இறக்கும்போது உடைச்சுட்டாங்க. அது யாருப்பா?"

அவள் புருஷனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தான். இதோ சொல்லப்போகிறான். சொன்னால் பைத்தியம் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், தேதி இல்லாத இடத்துக்கு.

பஞ்சு மச்சானைப் பார்த்தான். பிறகு பின்வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இறக்கினது எங்க ஆளுங்களா ஐயா?"

"இல்ல. வேற ஆளுங்க."

"அப்ப எனக்குத் தெரியாதுங்க ஐயா."

நீதிபதி கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்தக் கதவுக்கு ஒத்துக்க மாட்ட. ஆனா டாக்டர் காருக்கு ஒத்துக்கிட்டே. அதுக்கும் உங்க ஆளுங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாருங்க, நீ இல்லைன்னா ஒவ்வொருத்தனா கூட்டிட்டு வந்து நிக்க வைப்பேன்னு. முதல்ல மேஸ்திரியைத்தான் சொன்னாரு. மச்சானுக்கு முதுகு வலிங்க, மூணு நாள் நிக்கமாட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "ஒவ்வொரு கேஸுக்கும் ஒவ்வொரு ஆளா சொன்னாருங்க. எட்டாவது கேஸுக்கு ஆள் தீந்துபோச்சு. அதுக்கு என் வீட்டுக்காரியைச் சொன்னாரு."

"அதனால ஒத்துக்கிட்டே."

"இன்ஸ்பெக்டர் ஐயா நல்லதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்னும் வச்சுக்கலாங்க. அவளைக் கூட்டிட்டு வந்திருந்தா ஸ்டேஷன் தாங்காது."

முதலில் சிரித்தது நீதிபதிதான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதனை உறைக்காதவன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். கடைசியில் உறைக்காமல் இருந்தது தனக்கல்லவா என்று நினைத்தாள். நினைத்ததை அவனிடம் சொல்வதில்லை என்றும் அப்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

தீர்ப்பு பத்து நிமிஷத்தில் முடிந்தது. இந்த மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. இந்த வாக்குமூலம் அவன் மனமாரக் கொடுத்ததல்ல, பயமுறுத்தி வாங்கியது. கிழிந்த சட்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை. விடுதலை. இன்ஸ்பெக்டர் மீது தனியாக விசாரணை. ஜெனரேட்டரை எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் மட்டும் பின்வரிசையை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனால் குடோன் வாசலில் இரண்டு லாரி இறக்காமல் நின்றதால், "வாங்கடா, வந்து வேலையைப் பாருங்க, உங்களை அப்புறம் வச்சுக்கறேன்," என்று ஐந்து பேரையும் ஓட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி மட்டும் இருந்தார்.

விடுதலைக் காகிதம் வாங்கக் கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு குமாஸ்தா. காகிதத்தை நீட்டி, பேனாவையும் நீட்டினார். "இங்க கையெழுத்துப் போடு."

பஞ்சு பேனாவை வாங்கிவிட்டான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னன்னு கேட்டியாய்யா?"

"வீட்டுக்குப் போற காகிதம்தானே."

"கேளு."

பஞ்சு ஜன்னலுக்குள் குனிந்தான். "இதுல என்னங்க எழுதியிருக்கு?" கேட்கும்போதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

குமாஸ்தா சலித்துக்கொண்டு வாசித்தார். "‘மேற்படி மனநோயாளி உறவினர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறார்.’"

"யாரு மனநோயாளி?" என்றாள் அவள்.

"அட, விடுதலை படிவம் தீந்துபோச்சும்மா. இருந்ததுல எழுதியிருக்கேன். அந்த வார்த்தை மேல ஒரு கோடு இழுத்துட்டா போச்சு."

"கோடு இழுத்தா உள்ள இருக்கறது தெரியாதா? நாளைக்கு பேட்ஜ் ஆபீசுல கோட்டைப் பாப்பானா, வார்த்தையைப் பாப்பானா?"

"புதுப் படிவம் மேல இருந்து வரணும். சாப்பாட்டு நேரம். மூணு மணி ஆகும்."

"ஆகட்டும்."

"போட்டுட்டுப் போயிடலாம்ல?" என்றான் பஞ்சு மெதுவாக. "அவரும் பாவம், அலையணும்."

"போடுய்யா," என்றாள் அவள். "போடு பாப்போம்."

பஞ்சு பேனாவைப் பார்த்தான். குமாஸ்தாவைப் பார்த்தான். பேனாவை ஜன்னலுக்குள் திருப்பி வைத்தான்.

"இது நான் இல்லைங்க ஐயா," என்றான்.

மேஸ்திரி மச்சானை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூன்று பேரும் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பஞ்சு இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டான்.

"என்னய்யா அது?" என்றாள் அவள்.

"மூணு மணி வரைக்கும் இருக்கே," என்றான். "கை அதுபாட்டுக்குப் போய் எங்கயாவது போட்டுடப்போகுது."